எந்த மென்பொருள், யாருக்கு இணக்கம்? தன்னார்வத் திறந்த மூலக் குழுக்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன்னார்வலர்கள் கூடி ஒரு திறந்த மூல மென்பொருளை உருவாக்கும்போது, நிரல் எழுதும் நேரத்துக்குச் சமமாகப் பேச்சிலும் நேரம் போகிறது. எந்தக் கருவியில் வேலை செய்வது, எந்தக் கோப்பு வடிவத்தில் சேமிப்பது, எந்தப் பழைய பதிப்பு வரை ஆதரிப்பது என்று விவாதம் ஓய்வதில்லை. அந்த விவாதங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தப் பதில்களுக்கு ஒரு சார்பு உண்டு: எந்தத் தேர்வையும், அதை நாளை பராமரிக்கப் போகிறவரையும் அதனால் பாதிக்கப்படப் போகிறவரையும் முன்னிறுத்தித்தான் எடைபோட வேண்டும் என்று நம்புகிறேன்.

ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பதில் ஏன் இவ்வளவு சண்டை?

சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தில் மேலாளர் ஒரு மென்பொருளை முடிவு செய்தால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எல்லாரும் அதற்கு மாறிவிடுவார்கள். தன்னார்வலர்களிடம் அது நடக்காது. தன்னார்வலர்கள் உருவாக்கும் இயங்குதளமான டெபியன் திட்டத்தின் அமைப்புச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: திட்டத்துக்காக வேலை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை, ஆனால் முறைப்படி எடுத்த முடிவுகளுக்கு எதிராக யாரும் வேலை செய்யக் கூடாது. வென்றவர் தோற்றவரை உட்கார வைத்து வேலை வாங்க முடியாது. தோற்றவரும் வென்றவரின் காலை வாரக் கூடாது.

ஆகவே "எது சிறந்த மென்பொருள்" என்று தொடங்கும் பேச்சுக்கு அடியில் "இதை யார் பராமரிப்பது, யாருடைய பழக்கம் மாறப்போகிறது" என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து ஆண்டுகளாக ஒரு கருவியில் கைபழகியவருக்கு அதை விடுவது உண்மையான இழப்பு. அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிய குழுக்கள், நல்ல பங்களிப்பாளர்களைச் சத்தமில்லாமல் இழந்திருக்கின்றன.

முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

ஒரே விடை இல்லை. ஆனால் விவாதம் தொடங்குவதற்கு முன்பே அது எழுதப்பட்டிருக்க வேண்டும். சூடான விவாதத்தின் நடுவில் விதி எழுதினால், அது ஒரு தரப்புக்காக எழுதப்பட்டது என்றுதான் மறுதரப்பு எடுத்துக்கொள்ளும்.

பல திறந்த மூலத் திட்டங்களுக்கு இடமளிக்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் ஆதரவுக்கு +1, எதிர்ப்புக்கு −1 என்று வாக்களிக்கிறார்கள். நிரல் மாற்றம் ஒன்றை ஒரே ஒரு −1 கூட நிறுத்திவிடும்; ஆனால் அதற்குத் தொழில்நுட்பக் காரணம் சொல்ல வேண்டும், காரணமில்லாத −1 செல்லாது. வாக்கெடுப்பு பொதுவாக 72 மணி நேரமாவது திறந்திருக்கும். உலகின் வெவ்வேறு நேர மண்டலங்களில், வேலை முடிந்து வந்து இரவில் பங்களிப்பவருக்கும் வாய்ப்புக் கிடைக்க அந்த அவகாசம் தேவை. மூன்று பேர் ஒரு மாலையில் பேசி முடித்துவிட்டு "எல்லாரும் ஒப்புக்கொண்டோம்" என்று அறிவிப்பதை இந்தச் சிறிய விதி தடுத்துவிடுகிறது.

பைத்தான் என்ற நிரல்மொழியில் நீண்ட காலம் கடைசி வார்த்தை அதை உருவாக்கிய கிடோ வான் ரோசமுடையதாக இருந்தது. வெளிப்பாட்டுக்குள்ளேயே மாறிக்கு மதிப்பிடும் ஒரு புதிய குறியீட்டைப் பற்றிய விவாதம் கசப்பாகி, 2018 ஜூலையில் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். 2019 தொடக்கத்திலிருந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட குழு அந்த இடத்தில் இருக்கிறது. ஒரே தோளில் எல்லா முடிவுகளையும் ஏற்றினால், எவ்வளவு உறுதியானவரும் ஒரு நாள் இறக்கி வைத்துவிடுவார்.

பெரும்பான்மை வாக்கு போதாதா?

பெயரிடுவது, தேதி குறிப்பது போன்றவற்றுக்குப் போதும். இணக்கம் பற்றிய கேள்விகளுக்குப் போதாது. நூறு பேரில் ஐந்து பேர் மட்டும் எதிர்க்கிறார்கள், ஆனால் அந்த ஐந்து பேரின் கணினியில் புதிய பதிப்பு தொடங்கவே இல்லை என்றால், தொண்ணூற்றைந்து வாக்குகள் அந்தக் கணினிகளைத் தொடங்கி வைத்துவிடாது.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் பொறியாளர்களின் அமைப்பான ஐஇடிஎஃப் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தோராயமான ஒருமித்த கருத்தும் ஓடும் நிரலுமே தங்களுக்கு வேண்டியவை என்பது 1992 முதல் அங்கே வழங்கும் கொள்கை. 2014 இல் வெளியான அவர்களின் 7282 எண் ஆவணம் அதை விளக்குகிறது: ஒவ்வொரு ஆட்சேபத்தையும் ஏற்றாக வேண்டியதில்லை, ஆனால் ஆராய்ந்து பதில் சொல்லியாக வேண்டும். நூறு பேர் ஆதரித்து ஐந்து பேர் எதிர்க்கும் இடத்தில், அந்த ஐவரின் காரணத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அங்கே ஒருமித்த கருத்து உருவாகவில்லை என்கிறது அது. தன்னார்வக் குழுவை நடத்தும் ஒவ்வொருவரும் இந்த ஆவணத்தை ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்பேன்.

"இணக்கம்" என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்கிறார்களே, எதைத்தான் சொல்கிறார்கள்?

பல விவாதங்கள் முடியாமல் இழுப்பதற்கு இதுவே காரணம். ஒருவர் கோப்பு வடிவத்தை நினைத்துப் பேசுவார்: பழைய கோப்பு புதிய பதிப்பில் திறக்குமா, புதியது பழைய பதிப்பில் திறக்குமா? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இன்னொருவர் நிரலிடைமுகத்தை நினைப்பார்: நம் நூலகத்தை நம்பி எழுதிய பிறரின் நிரல், மறுபடி தொகுத்தால் (கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றினால்) ஓடுமா? வேறொருவர் மறுதொகுப்பே செய்யாத பழைய இருமக் கோப்பு அப்படியே ஓட வேண்டும் என்பார். உரிமங்களின் இணக்கத்தைப் பேசுபவர் தனி. பார்வையற்ற பங்களிப்பாளர் திரைவாசிப்பானுடன் இது ஒத்துழைக்குமா என்று கேட்பார். பெரும்பாலும் கடைசியில்தான் அவர் குரல் கேட்கும், அதற்குள் முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

எது உடைகிறது, எந்தப் பதிப்பிலிருந்து, யாருக்கு என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். பாதி விவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

பழைய பயனர்களுக்காக எவ்வளவு காலம் பொறுப்பது?

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் விதி கடுமையானது. பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் நடத்தையைக் கெர்னல் மாற்றம் உடைத்தால், பிழை கெர்னலுடையது. மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டும். அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதில் விட்டுக்கொடுத்ததே இல்லை என்று சொல்லலாம். ஆண்டுகளுக்கு முன் தொகுத்த நிரல் இன்றைய கெர்னலிலும் ஓடுவதற்கு இதுவே காரணம்.

பைத்தான் எதிர்த்திசையில் போனது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0, பழைய நிரல்களோடு இணக்கத்தை வேண்டுமென்றே முறித்தது. உரையையும் பைட்டுகளையும் குழப்பிக்கொண்டிருந்த பழைய வழியைச் சரிசெய்ய அது தேவைதான். ஆங்கிலம் அல்லாத மொழிகளில் நிரல் எழுதுபவர்களுக்கு அந்த மாற்றம் பெரிய நிம்மதி. மாறிய விதம்தான் வலித்தது. பைத்தான் 2 இல் யூனிகோட் உரைக்கு முன்னால் u என்ற எழுத்தைப் போடுவார்கள். 3.0 அதை நீக்கிவிட்டது. அந்த ஓர் எழுத்து காரணமாக, ஒரே கோப்பை இரண்டு பதிப்புகளிலும் ஓட வைப்பது நூலக ஆசிரியர்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. 2012 இல் வந்த 3.3 பதிப்பில் அந்த எழுத்துக்கு மறுபடி அனுமதி கொடுத்தார்கள். புதிய பதிப்பில் அதற்கு எந்த வேலையும் இல்லை, வெறுமனே ஏற்றுக்கொள்ளப்படும். ஆனால் இரண்டு பதிப்புகளையும் ஒரே நிரலால் ஆதரித்தபடி மெல்ல நகர ஒரு பாலம் கிடைத்தது. 2015 என்று முதலில் குறித்திருந்த பைத்தான் 2 இன் ஆதரவு முடிவு, 2020 ஜனவரி 1 வரை தள்ளிப்போனது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: இணக்கத்தை முறிக்கலாம், ஆனால் பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ஒரு காலம் இருந்தே ஆக வேண்டும். ஒரே இரவில் எல்லாரும் தாண்ட வேண்டிய பள்ளத்தைத் தன்னார்வலர்கள் தாண்ட மாட்டார்கள். இந்தக் கரையிலேயே நின்றுவிடுவார்கள்.

தவறாக எழுதிய நிரல் உடைந்தால் அது எழுதியவர் பொறுப்புதானே?

ஆவணத்தின்படி ஆம். பயனர் முன்னால் அந்த வாதம் எடுபடாது.

2010 இல் நடந்தது இது. லினக்ஸில் பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் ஜிலிப்சி நூலகத்தில், நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயற்கூற்றை வேகப்படுத்தினார்கள். மூலமும் இலக்கும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் விளைவுக்கு உத்தரவாதம் இல்லை என்று தரநிலை முன்பே சொல்லியிருந்தது. ஆனால் அப்போது எங்கும் புழங்கிய ஃபிளாஷ் இயக்கி அப்படிப் படியும் இடங்களிலும் அதையே பயன்படுத்தி வந்தது. நகலெடுக்கும் வரிசை மாறியதும் இணையக் காணொளிகளில் ஒலி கரகரத்தது. நூலகம் தரநிலைப்படி நடந்துகொண்டது, தப்பு ஃபிளாஷுடையது என்று ஒரு தரப்பு; பயனருக்கு ஒலி கெட்டது, அதைச் சரிசெய்யுங்கள் என்று டோர்வால்ட்ஸ் உள்ளிட்ட மறுதரப்பு.

பிறகு வந்த தீர்வை இன்றும் வியந்து பார்க்கிறேன். ஜிலிப்சி 2.14 இல் அந்தச் செயற்கூற்றுக்கு ஒரே பெயரில் இரண்டு பதிப்புகள் வைத்தார்கள். முன்பே தொகுக்கப்பட்ட நிரல்களுக்குப் படிதலைத் தாங்கும் பாதுகாப்பான நடத்தை. புதிதாகத் தொகுக்கும் நிரல்களுக்கு வேகமான நடத்தை. யாரும் யாரிடமும் தோற்கவில்லை. இணக்க விவாதத்தில் இரண்டு தரப்பும் இறுகி நிற்கும்போது, இரண்டையும் அருகருகே வைக்க முடியுமா என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்பது வீண்போகாது.

எல்லாத் தளத்துக்கும் ஒரே கொள்கை வைத்தால் எளிதல்லவா?

எளிதுதான். சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 32 பிட் கணினிகளில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழிந்துவிடும். அதைத் தவிர்க்க டெபியன் 2024 இல் தன் 32 பிட் தளங்களை 64 பிட் நேரத்துக்கு மாற்றும் பெரிய வேலையில் இறங்கியது. ஐ386 எனப்படும் பழைய இன்டெல் வகையை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அந்தத் தளத்தை இன்று வைத்திருப்பதன் முக்கிய நோக்கமே, இனி யாரும் மறுதொகுப்புச் செய்ய முடியாத பழைய நிரல்களை ஓட்டுவது. நேரத்தின் அளவை மாற்றினால் அவை அத்தனையும் உடையும். பிற 32 பிட் தளங்களோ இன்னும் பல ஆண்டுகள் ஓடப்போகும் கருவிகளுக்குள் இருக்கின்றன. ஒரே சிக்கலுக்கு இரண்டு முடிவுகள், இரண்டுக்கும் தெளிவான காரணம்.

நம் ஆவணங்களை வேறு அலுவலக மென்பொருளில் திறந்தால் கலைந்துபோகிறது. வடிவத்தை மாற்றிவிடலாமா?

முதலில் எது கலைகிறது என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய படிவத்தில் கையெழுத்துக் கோடு மட்டும் இரண்டாம் பக்கத்துக்கு விழுந்திருந்தால், வடிவத்தைக் குறைசொல்வதற்கு முன் எழுத்துருவைச் சந்தேகிக்க வேண்டும். கலிப்ரியில் எழுதிய ஆவணத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மென்பொருள் வேறொன்றை இட்டு நிரப்பும். எழுத்துகளின் அகலம் மாறும், வரிகள் வேறு இடங்களில் ஒடியும், கடைசி வரி வழியும். கலிப்ரிக்குச் சம அகலத்தில் கார்லிட்டோ, கேம்பிரியாவுக்குக் கலடியா, ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் வரிசை என்று கட்டற்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. அவற்றை நிறுவினாலே பல புகார்கள் நின்றுவிடும்.

அதற்குப் பிறகும் சிக்கல் இருந்தால் வடிவத்தைப் பேசலாம். திறந்த ஆவண வடிவமான ஓடிஎஃப் 2006 இலும், மைக்ரோசாப்ட் ஆபிஸின் ஓஓஎக்ஸ்எம்எல் 2008 இலும் ஐஎஸ்ஓ தரநிலைகளாயின. இரண்டும் தரநிலையே என்பதால் இரண்டும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி திறக்கும் என்று பொருளில்லை. என் பரிந்துரை: பலர் சேர்ந்து திருத்தும் மூல ஆவணத்துக்கு ஓடிஎஃப் அல்லது வெறும் உரை, படிக்க மட்டும் அனுப்புவதற்குப் பிடிஎஃப். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பை, அந்த எழுத்துரு இல்லாமல் திறந்து புரியாத குறிகளைப் பார்த்த எவருக்கும் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

கட்டற்ற மென்பொருளை உருவாக்கும் குழு மூடிய மூலக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தும் குழுக்கள் நிறைய. நான் கேட்பது ஒன்றே ஒன்று: நாளை அந்தக் கதவு மூடினால், எதை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியும்?

லினக்ஸ் கெர்னல் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியுடைமைக் கருவியில் தன் மூலநிரலை நிர்வகித்தது. இலவச உரிமம் நிபந்தனைகளோடு வந்தது. அதைப் பயன்படுத்துபவர் போட்டிக் கருவி எழுதக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கெர்னல் குழுவில் பலர் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார்கள். 2005 ஏப்ரலில், அந்த நெறிமுறையை ஒருவர் ஆராய்ந்து தனிக் கருவி எழுத முயன்றதை அடுத்து, இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டது. அந்த மாதமே டோர்வால்ட்ஸ் கிட் கருவியை எழுதத் தொடங்கினார். ஜூனில் கெர்னல் 2.6.12 கிட் மூலமே வெளியானது. கதை நன்றாக முடிந்தது என்று பலர் சொல்வார்கள். எல்லாக் குழுவிலும் சில வாரங்களில் மாற்றுக் கருவி எழுதிக்கொடுக்க ஒரு டோர்வால்ட்ஸ் இருக்க மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிட்கீப்பரே 2016 இல் திறந்த மூலமானது, ஆனால் அதற்குள் எல்லாரும் கிட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

2021 மே மாதம் இதற்கு நேர்மாறாக நடந்தது. பல திட்டங்கள் அரட்டைக்குப் பயன்படுத்திய ஃப்ரீநோட் வலையமைப்பில் நிர்வாகச் சண்டை வெடித்தது. தன்னார்வ ஊழியர்கள் விலகி லிபெரா சாட்டைத் தொடங்கினார்கள். அங்கே பயன்பட்ட ஐஆர்சி என்ற அரட்டை முறை திறந்த நெறிமுறை என்பதால், அதே செயலியில் சேவையக முகவரியை மாற்றிக்கொண்டு பெரும் பெரும் திட்டங்கள் சில நாள்களில் இடம்பெயர்ந்தன. ஐஆர்சி பழையது, படம் அனுப்ப முடியாது என்ற குறைகள் எல்லாம் உண்மை. வெளியேறும் வழி திறந்திருந்தது என்பதும் உண்மை, எனக்கு அது அதிக எடையுள்ளது.

உரிமங்களின் இணக்கம் நிரல் எழுதுபவருக்கு எதற்கு?

ஓடுகிற நிரலைக்கூட வெளியிட முடியாமல் செய்துவிடும் என்பதற்காக. ஜிபிஎல் 2 என்ற உரிமத்தை மட்டும் ஏற்கும் நிரலோடு அப்பாச்சி 2.0 உரிமத்தில் வரும் நிரலைச் சேர்த்து வெளியிட முடியாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. கண்டுபிடிப்புக் காப்புரிமை (பேடன்ட்) பற்றிய விதிகள் மோதுகின்றன. 2007 இல் வந்த ஜிபிஎல் 3 இந்த மோதலை நீக்கியது, ஆனால் ஒருவழியாக மட்டும்: அப்பாச்சி நிரலை ஜிபிஎல் 3 திட்டத்துக்குள் கொண்டுவரலாம், அங்கிருந்து அப்பாச்சிக்குக் கொண்டுபோக முடியாது.

தன்னார்வத் திட்டத்தில் பின்னாளில் உரிமம் மாற்றுவது பெரும் உழைப்பு. காணொளி இயக்கியான விஎல்சியின் குழு தன் இயங்குபொறியை ஜிபிஎல்லிலிருந்து, கட்டுப்பாடு குறைந்த எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியபோது, ஆண்டுக்கணக்கில் பங்களித்தவர்களைத் தேடிப்பிடித்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. ஆகவே சார்பு நூலகத்தைச் சேர்க்கும் நாளிலேயே உரிமக் கோப்பைத் திறந்து படியுங்கள்.

சின்ன விஷயத்துக்கு ஏன் பெரிய விவாதம் வருகிறது?

எல்லாருக்கும் புரிவதால். 1999 இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவில், ஸ்லீப் என்ற கட்டளை முழு வினாடிகளோடு பின்ன வினாடிகளையும் ஏற்கலாமா என்பதற்கு நீண்ட வாக்குவாதம் நடந்தது. அணு உலைக்கு எளிதாக அனுமதி வாங்கிவிடலாம், சைக்கிள் கொட்டகைக்கு என்ன நிறம் பூசுவது என்றால் எல்லாரும் பேச வருவார்கள் என்று அப்போது ஒரு பங்களிப்பாளர் எழுதிய கடிதத்திலிருந்துதான், இத்தகைய விவாதங்களுக்கு நிரலாளர்களிடையே சைக்கிள் கொட்டகை என்ற பெயர் நிலைத்தது. ஆனால் பிடிக்காத விவாதத்தின் மீதெல்லாம் இந்தப் பெயரை ஒட்டக் கூடாது. யாருடைய கணினியிலாவது ஏதாவது உடைகிறது என்றால் அது சின்ன விஷயமே இல்லை.

நான் புதியவன். மூத்தவர்கள் நடுவில் கருத்துச் சொல்லலாமா?

சொல்லுங்கள். உங்கள் கணினியில் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். "எனக்கு இது பிடிக்கவில்லை" என்பதைவிட, "4 ஜிபி நினைவகமுள்ள கணினியில் இந்தப் பதிப்பைத் தொகுத்தேன், இணைக்கும் கட்டத்தில் நினைவகம் போதாமல் நின்றுவிட்டது, பிழைச் செய்தி இது" என்பது யாராலும் தள்ள முடியாத பங்களிப்பு. வலுவான கணினிகளோடு வேலை செய்யும் மூத்தவர்கள் கண்ணில் அது பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

முடிவு எனக்கு எதிராகப் போய்விட்டது. என்ன செய்யலாம்?

ஏற்றுக்கொண்டு தொடரலாம், எந்த வருத்தமும் இல்லாமல் ஒதுங்கலாம், மாற்று வழியை நீங்களே பராமரிக்க முன்வரலாம், கடைசியாக, நிரலை எடுத்துக்கொண்டு தனித் திட்டமாகப் பிரியலாம்.

கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கிவைக்கும் மென்பொருளாக டெபியன் எதைக் கொள்வது என்ற விவாதம் இவை எல்லாவற்றையும் காட்டியது. 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழுவின் வாக்குகள் சமமாகப் பிரிய, தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி இயல்பிருப்பானது. மாதக்கணக்கில் கசப்பு ஓடியது. அந்த நவம்பரில் ஒரு பகுதியினர் டெவுவன் என்ற பெயரில் பிரிவதாக அறிவித்தார்கள், அவர்களின் 1.0 பதிப்பு 2017 மே மாதம் வந்தது. அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையிலான அந்த இரண்டரை ஆண்டுகளைக் கவனியுங்கள். பிரிவது உங்கள் உரிமை, கட்டற்ற உரிமம் அதற்காகவே இருக்கிறது. பிரிந்த மறுநாளிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள், தொகுப்புச் சேவையகங்கள், நிறுவி, ஆவணங்கள் அத்தனையும் உங்கள் பொறுப்பு. டெவுவன் அதைச் செய்து காட்டியது, அதற்காக அவர்கள் மதிக்கப்பட வேண்டும்.

முடிவை எப்படி எழுதி வைப்பது?

ஒரு பக்கம் போதும். என்ன முடிவு, எந்த மாற்றுகள் பரிசீலிக்கப்பட்டன, அவை ஏன் கைவிடப்பட்டன, யார் பராமரிக்கிறார், எது உடையும் என்று தெரிந்தே ஏற்றுக்கொண்டோம். கைவிட்ட மாற்றுகளை எழுதாத குழுவில், அடுத்த ஆண்டு வரும் புதியவர் அதே யோசனையை அதே உற்சாகத்தோடு முன்வைப்பார். பதில் தெரிந்தவர் அதற்குள் விலகியிருப்பார்.

ஒரு முறை முடிவானதை மறுபடி எடுக்கலாமா?

புதிய தகவல் வந்தால் எடுக்கலாம். பராமரிப்பவர் விலகினார், சார்ந்திருந்த நூலகம் கைவிடப்பட்டது, உரிமம் மாறியது, யாரோ உண்மையான மாற்று நிரலோடு வந்தார் என்பவை எல்லாம் புதிய தகவல். தோற்ற தரப்பில் ஆள் கூடிவிட்டது என்பது மட்டும் போதாது. டெபியன் 2019 டிசம்பரில் அதே சிஸ்டம்டி கேள்வியை மறுபடி வாக்குக்கு விட்டது. பராமரிப்பாளர்கள் சிஸ்டம்டிக்கு மாற்றானவற்றை எவ்வளவு தூரம் ஆதரிக்க வேண்டும் என்பது ஐந்து ஆண்டுகளில் நடைமுறைச் சிக்கலாகியிருந்தது. உறுப்பினர்கள் பல தெரிவுகளை விருப்ப வரிசையில் அடுக்கி வாக்களித்தார்கள். சிஸ்டம்டியே தொடரட்டும், மாற்றுகளை ஆராய்பவர்களின் முயற்சிக்கும் திட்டம் துணைநிற்கட்டும் என்ற தெரிவு வென்றது.